நான் சஸ்பெண்ட் ஆன வருஷம்

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இரண்டாம் வருஷ நினைவு பாத்திஹா. திருத்துறைப்பூண்டி வீட்டில் மாலை மக்ரிப் தொழுகைக்குப் பிறகு ஓதி முடித்து, சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். இங்கே வின்னிபெக்கில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. யுனிவர்சிட்டி கேண்டீனில் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்து போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரஹ்மான் அண்ணன் போனை ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராகக் கொண்டுபோனார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா ஹபீபா?" என்று கேட்டார். அங்கே மழை கொட்டும் சத்தம் என் காதுக்குள் கேட்டது. இங்கே கண்ணாடிக்கு வெளியே சத்தமே இல்லாமல் பனி விழுந்துகொண்டிருந்தது.

எட்டரைக்கு வகுப்பு. "வச்சிடவாண்ணே? கிளாஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

"போ, போ. லேட்டா போனா மறுபடியும் சஸ்பெண்ட் பண்ணிடப் போறாங்க" என்றார் அண்ணன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாரும் சிரித்தார்கள். அம்மாகூடச் சிரித்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே சொல்லைக் கேட்டு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஊரில் பலருக்கு இந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். கல்யாண வீடுகளில் அது பலவிதமாக மாறிப் போயிருக்கிறது என்றும் கேள்விப்பட்டேன். நானே எழுதிவிடுவது நல்லது.

2

முதலில் தஞ்சாவூரைச் சொல்ல வேண்டும். இங்கே பனியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் மனம் போகிற இடம் அதுதான்.

அங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் படித்தேன். விடுதியில் என் அறைத்தோழி செல்வி, ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம், கணிதம். எங்களுக்குக் கல்லூரி திறக்கிற ஜூன் மாதத்தில்தான் கல்லணையும் திறப்பார்கள். ஊருக்கு நடுவே போகிற கால்வாயைப் புது ஆறு என்போம். கோடை முழுக்கக் குப்பையும் காய்ந்த மணலுமாகக் கிடக்கும். ஒருநாள் சாயங்காலம் பாலத்தில் கூட்டம் கூடும். நுரையும் சருகுமாகத் தண்ணீர் தலை நீட்டி வரும். வார்டனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நாங்களும் ஓடுவோம். புதுப் புத்தகத்தின் வாசனையும் புதுத் தண்ணீரின் மண்வாசனையும் எனக்கு இன்றுவரை ஒன்றாகத்தான் நினைவில் இருக்கின்றன.

அத்தா திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தார். அவருக்கு ஜனவரி, பிப்ரவரி எல்லாம் பேச்சுக்குத்தான். குறுவை, சம்பா, தாளடி, அவ்வளவுதான் காலண்டர். "பரீட்சை எப்பம்மா?" என்று கேட்பார். "நவம்பர் அத்தா" என்றால் முகத்தில் ஒன்றும் தெரியாது. "சம்பாவுக்கு மேலுரம் போடுற சமயம்" என்றால், "அப்ப இன்னும் நாள் இருக்கு, நல்லாப் படி" என்பார். மாதம் ஒருமுறை மன்னார்குடி வழியாக பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவார். கையில் ஒரு தூக்கு நிறைய தம்ரூட். ரவையும் முட்டையும் நெய்யும் சேர்த்து அம்மா சுட்டது. அவர் பஸ் நிலையம் திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் தூக்கு காலியாகிவிடும். செல்வி அடியைச் சுரண்டிக்கொண்டே, "உங்க அத்தாவை வாரா வாரம் வரச் சொல்லுடி" என்பாள்.

இரண்டாம் வருஷம் முடிகிற சமயத்தில் எனக்கு மாப்பிள்ளை அமைந்தது. முத்துப்பேட்டை, துபாயில் வேலை, நல்ல குடும்பம். விடுதியைக் காலி செய்ய அத்தாதான் வந்தார். பெட்டியை ஆட்டோவில் ஏற்றிய பிறகு வார்டனிடம் போய், "மேடம், இந்த இடத்தை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. புள்ள திரும்பி வரும்" என்றார். வார்டன் அம்மா சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன பாய், வரட்டும்" என்றார். ஆனால் எனக்கு விசா வந்துவிட்டது.

3

துபாயில் சில வருஷம், பிறகு கனடா. என் கணவர் ஜமால் இங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறார். மகள் ஆயிஷா ஒருத்திதான். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நானும் ஒரு பள்ளியில் வகுப்பு உதவியாளராகச் சேர்ந்தேன். பாடத்தில் பின்தங்கிய குழந்தைகளின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற வேலை. பிடித்துப்போயிற்று. டீச்சராகிவிடலாமே என்று தோன்றியது. டீச்சராக வேண்டுமானால் பட்டம் வேண்டும். ஆயிஷா யுனிவர்சிட்டியில் சேர்ந்த அதே வருஷம், வயது கடந்து படிக்க வருபவர்களுக்கான வழியில் நானும் விண்ணப்பித்தேன். இருவருக்கும் இடம் கிடைத்தது. போனில் அத்தாவிடம் சொன்னேன். "அங்க எப்பம்மா காலேஜ் திறக்குது?" என்று கேட்டார்.

"இங்க கோதுமை அறுக்கிற சமயம் அத்தா."

"அறுக்கிற சமயத்துலயா திறப்பாங்க?" என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

முதல் வருஷம் தட்டுத்தடுமாறிப் பாஸானேன். இரண்டாம் வருஷம் அக்டோபரில் அண்ணன் போன் செய்தார். அத்தாவுக்குப் பக்கவாதம், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், கிளம்பி வா என்று. கிடைத்த டிக்கெட்டில் கிளம்பினேன். விமான நிலையத்தில் உட்கார்ந்து மூன்று பேராசிரியர்களுக்கும் மின்னஞ்சல் எழுதினேன். மூன்று பேரும் அன்பாகப் பதில் போட்டார்கள். ஒருவர், "உங்களுக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்குப் பாரம் இறங்கிவிட்டது. தஞ்சாவூரில் பிரின்சிபால் அப்படிச் சொல்லிவிட்டால் முடிந்தது. வருகைப் பதிவு, பரீட்சை எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

அத்தாவுக்குப் பேச்சு குழறியது. ஆனால் ஆளைத் தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரீட்சை?" என்று கேட்டார்.

"டிசம்பர்ல அத்தா."

"போயிட்டு வா."

அத்தாவை விட்டு எங்கே போவது? ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்தால் மழைத்தண்ணீரும் சேர்ந்து புது ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நவம்பரில் அத்தா மௌத்தானார். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிகிற வரை அம்மாவை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. செல்வி தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். இப்போது அவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அந்த தம்ரூட் தூக்கைப் பற்றிப் பேசிப் பேசி என்னை அழவும் வைத்தாள், சிரிக்கவும் வைத்தாள்.

4

ஜனவரியில் வின்னிபெக் திரும்பினேன். வெளியே மூச்சு விட்டால் மூக்குக்குள் உறைகிற குளிர். வந்து இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. மூன்று பாடத்திலும் தோல்வி. அதனால் ஒரு வருஷத்துக்கு என்னைப் படிப்பிலிருந்து சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள்.

மறுநாளே ஓடினேன். முதல் கவுண்டரில் இருந்த பையனிடம், "எனக்கு மூன்று அரியர் இருக்கிறது, அதைப் பற்றிப் பேச வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நம் ஊரில் தோற்ற பாடம் அரியர். இந்த ஊரில் அரியர் என்றால் கட்டாத கட்டணம். அவன் என்னைக் கட்டணப் பிரிவுக்கு அனுப்பினான். அங்கே இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு பாக்கி எதுவுமே இல்லையே" என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாக்கி இல்லை என்றதற்கு ஒருத்தி ஏன் அழுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

கடைசியில் கேரல் என்கிற மாணவர் ஆலோசகரிடம் போய்ச் சேர்ந்தேன். ஐம்பது வயதிருக்கும், நிதானமான பெண்மணி. அங்கேயும் ஒரு சறுக்கல். "நவம்பரில் என் தந்தை எக்ஸ்பயர் ஆகிவிட்டார்" என்றேன். இந்த ஊரில் மருந்தும் பாலும் லைசென்ஸும்தான் எக்ஸ்பயர் ஆகும். மனிதர்கள் ஆவதில்லை. அவர் குழம்பிப்போய், "உங்கள் தந்தையின் விசாவா?" என்று கேட்டார். "இல்லை, என் தந்தை" என்றேன். அவர் மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவர் சொன்னதுதான் என்னை அடித்துப்போட்டது. ஊருக்குப் போகும்போதே பாடங்களிலிருந்து விலகுகிறேன் என்று பதிவு செய்திருந்தால் தோல்வி விழுந்திருக்காது. அதற்கென்று ஒரு கடைசித் தேதி உண்டு. அது போய்விட்டது.

"ஆனால் பேராசிரியர் வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளச் சொன்னாரே?"

"அது அவருடைய அனுதாபம், ஹபீபா. நிர்வாகத்துக்கு நீங்கள்தான் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும்."

மேல்முறையீடு செய்து பார்த்தோம். அண்ணன் தாலுகா ஆபீஸுக்கு நடையாக நடந்து இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் வாங்கி அனுப்பினார். இரண்டிலும் அத்தா பெயர் இரண்டு விதமாக இருந்தது. அதைச் சரி செய்து, மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி முடிப்பதற்குள் மேல்முறையீட்டுக் குழு கூடிக் கலைந்துவிட்டது. ஒரு வருஷம் காத்திருங்கள், அதன் பிறகு எங்கள் கண்காணிப்பில் ஒரு பருவம் படித்துத் தேறிக் காட்டுங்கள் என்று பதில் வந்தது.

5

அண்ணனிடம் போனில் சொன்னேன்.

"சஸ்பெண்டா?" அவர் குரலே மாறிவிட்டது. "என்ன பண்ணுன? காப்பி கீப்பி அடிச்சியா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. லஞ்சம் வாங்கிப் பிடிபட்ட குமாஸ்தாவைத்தான் நம் ஊரில் சஸ்பெண்ட் செய்வார்கள். நான் அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டு, "சரி, அம்மாகிட்ட லீவுன்னு சொல்லிக்கறேன்" என்றார்.

ஜமால் வேலையிலிருந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் கேட்டுக்கொண்டார். "விட்டுடேன் ஹபீ. யாரு உன்னைப் படிக்கச் சொல்லி அடிக்கிறா? வேலை இருக்கு, வீடு இருக்கு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் எனக்குப் பயமாக இருந்தது. தஞ்சாவூர்ப் படிப்பை விட்டபோதும் என்னை யாரும் அடித்து இழுத்து வரவில்லையே. எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். எனக்கும் இரண்டாம் வருஷத்துக்கும் ஆகவே ஆகாது போல.

ஆயிஷா ஆங்கிலத்தில், "பரவாயில்லைம்மா, நிறையப் பேருக்கு நடக்கும்" என்றாள். அவள் அந்தப் பருவத்தில் நல்ல மார்க். எனக்குச் சுருக்கென்றது. பாத்திரம் கழுவப் போனேன். அவள் பின்னாலேயே வந்து நின்றாள். எங்கள் வீடுகளில் அம்மாவின் அத்தாவை நன்னா என்போம். "நன்னா இறந்ததுக்கு எனக்கு அழுகையே வரலைம்மா" என்று தமிழில் சொன்னாள். "போன்ல 'சாப்பிட்டியா'ம்பாரு. நான் 'சாப்பிட்டேன்'பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அழுகை வராததுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, அவருடைய உரக்கடையையும் தூக்கையும் புது ஆற்றையும் பேசினோம். அவளுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் எழுந்து போகவில்லை.

6

பள்ளி வேலை ஓடிக்கொண்டிருந்தது. தோற்ற மூன்றில் என்னைப் பயமுறுத்தியது புள்ளியியல் ஒன்றுதான். மற்றவை எழுதப் பழகினால் வந்துவிடும். இது ஆங்கிலத்தில் படிக்கப் படிக்க வழுக்கியது. ஒருநாள் செல்வியிடம் புலம்பினேன்.

"கணக்கு டீச்சர்கிட்ட கணக்கைப் பத்திப் புலம்பிட்டு, கேட்காம போறியே" என்றாள். "சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஓய்வுதான். உனக்குக் காலைல. புத்தகத்தை எடுத்துட்டு உட்காரு."

அப்படித்தான் தொடங்கியது. வீடியோவில் அவளுடைய முகம், பின்னால் சமையலறைக் குக்கர் விசில், முன்னால் ஒரு சிலேட்டுப் பலகை.

"இந்த ஸ்டாண்டர்டு டீவியேஷன் எனக்கு ஏறவே மாட்டேங்குதுடி" என்றேன்.

"ரெண்டு வயல் இருக்குன்னு வச்சுக்க. ரெண்டுலயும் சராசரி ஒரு மா நிலத்துக்குப் பத்து மூட்டை. ஒண்ணு வருஷா வருஷம் ஒன்பது, பத்து, பதினொண்ணுன்னு குடுக்குது. இன்னொண்ணு ஒரு வருஷம் பதினஞ்சு கொட்டும், அடுத்த வருஷம் அஞ்சோட நிக்கும். நீ எதைக் குத்தகைக்கு எடுப்ப?"

"மொதல்ல சொன்னதைத்தான்."

"ஏன்? சராசரி ஒண்ணுதானே?"

"ரெண்டாவதை நம்ப முடியாதுடி."

"அந்த நம்ப முடியாததை அளக்கத்தான் இந்தக் கணக்கு. திட்ட விலக்கம். பத்தாவதுல படிச்சோமே!"

திட்ட விலக்கம்! அந்தத் தமிழ்ச் சொல்லைக் கேட்டதும் பத்தாம் வகுப்புக் கரும்பலகையே கண்முன் வந்து நின்றது. இத்தனை நாளும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் தெரியாதென்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

ஜமால் சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குப் போனை வைத்ததும், "நான் பஸ் லைசென்ஸுக்கு எழுதுனப்ப ரெண்டு தடவை ஃபெயில், தெரியும்ல?" என்றார்.

"தெரியாதே!"

"உன்கிட்ட சொல்லல. மூணாவது தடவை போறப்ப, அந்தக் கவுண்டர்ல இருந்த ஆளு, 'வா, வா, இந்தத் தடவை பாத்துடலாம்'னான்." கோப்பையைக் கீழே வைத்தார். "நீயும் போய்ப் பாரு. சனிக்கிழமை சமையல் இனி என்னோடது."

அந்தக் கோடையில் நகருக்கு வெளியே காரில் போனோம். கண்ணுக்கு எட்டிய வரை மேடு பள்ளம் இல்லாத தரை, பச்சைக் கோதுமை. வடுவூர் தாண்டி மன்னார்குடிப் பக்கம் பஸ் திரும்பும்போது ஜன்னலில் தெரியுமே, அதே போல. காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். வரப்பு இல்லை, வாய்க்கால் இல்லை, ஒரு கொக்கு இல்லை. ஆனாலும் அங்கே நின்றுகொண்டு, அத்தாவிடம் மனசுக்குள் சொன்னேன், இன்னும் நாள் இருக்கு அத்தா, படிக்கிறேன்.

7

வருஷம் முடிந்து திரும்பச் சேர்வதற்குக் கேரலிடம் போனேன். "இந்த முறை என்ன வித்தியாசமாக இருக்கும்?" என்று கேட்டார். அது வழக்கமாகக் கேட்கிற கேள்வி. கடுமையாக உழைப்பேன் என்று எல்லாரும் சொல்வார்களாம்.

"கஷ்டம் வந்தால் முதலில் உங்களிடம் வருவேன்" என்றேன். அவர் சிரித்தார்.

முதல் நாள் வகுப்பில் எல்லாரும் ஆயிஷா வயதுப் பிள்ளைகள். ஒரு பெண் என்னைப் பேராசிரியர் என்று நினைத்துப் பாடத்திட்டத் தாள் கேட்டாள். அந்தப் பருவம் முழுக்க நான் தூங்கியதே குறைவு. ஏப்ரலில் முடிவுகள் வந்தன. புள்ளியியலில் பி. மற்ற இரண்டிலும் அதற்குக் கீழே, ஆனால் பாஸ். என் மேல் இருந்த கட்டுப்பாடு நீங்கியது. செல்விக்கு அனுப்பினேன். "பி எல்லாம் ஒரு மார்க்கா? அடுத்தது ஏ வாங்கு" என்று எழுதிவிட்டு, கூடவே அழுகிற முகம் ஏழெட்டு அனுப்பியிருந்தாள். அண்ணன் அம்மாவிடம், லீவு முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். உண்மையை அப்புறம் நானே அம்மாவிடம் சொன்னேன்.

இன்னும் படிக்கிறேன். முடிக்க இன்னும் காலம் இருக்கிறது.

போன மாதம் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். என் பக்கத்தில் உட்காருகிற கிரேஸ் பிலிப்பைன்ஸ்காரி, முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஒருநாள் வகுப்பு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. அம்மா ஐ.சி.யூவில் இருக்கிறாராம். அன்று சாயங்காலமே விமானம்.

"படிப்புக்கு என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

"பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். ரொம்ப நல்லவர். வேண்டிய நேரம் எடுத்துக்கொள் என்றார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் பையை நானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். "எழுந்திரு. விமானம் அப்புறம். முதலில் என்னோடு வா."

இரண்டு கட்டடம் தாண்டி, பனியில் வழுக்கி வழுக்கி, கிட்டத்தட்ட ஓடினோம். கேரலின் அலுவலகத்தை மூட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கவுண்டரில் புதிதாக வந்த ஒருவர் இருந்தார். கிரேஸ் விசும்பிக்கொண்டே இருந்தாள். நான்தான் சொன்னேன். இவளுடைய தாய்க்கு உடம்பு முடியவில்லை, இன்று கிளம்புகிறாள், கிளம்புவதற்கு முன்னால் பாடங்களிலிருந்து விலகுவதைப் பதிவு செய்ய வேண்டும், தேதி இன்னும் தாண்டவில்லை. ஒரு சொல்கூட எனக்குத் தடுக்கவில்லை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கள் இவருக்கு என்ன வேண்டும்?"

நம்மூராக இருந்தால் அக்கா என்று சொல்லிவிட்டிருப்பேன்.

"கூடப் படிக்கிறேன்" என்றேன்.

அவர் எழுந்து கதவைத் திறந்து, "இரண்டு பேரும் உள்ளே வாருங்கள்" என்றார்.